வாளி

எனக்குக் கொடுத்த வேலை இதுதான்:
எழும்பூர் மியூசியத்தில் தூணோடு தூணாக நிற்க வேண்டும்.
உள்ளே வருகிறவர் நடக்கிற வழியை
கூடத்தின் வரைபடத்தில் பென்சிலால் இழுக்க வேண்டும்.
நின்றால் ஒரு புள்ளி.
அரை நிமிடம் தாண்டினால் புள்ளியைச் சுற்றி வட்டம்.
ஆளுக்கு ஒரு தாள், நாளுக்கு நாற்பது.
சம்பளம் அறுநூறு, சாப்பாடு நம்முடையது.

‘செத்த காலேஜுலயா வேலை?’ என்றார் ஷேர் ஆட்டோக்காரர்.
ஆமாம், உயிரோடு இருக்கிறவர்களை எண்ணுகிற வேலை.

முதல் நாளே தெரிந்துவிட்டது,
கால் கண்ணைக் கேட்டு நடப்பதில்லை.
கதவு காட்டிய பக்கம் போகிறது.
ஃபேனுக்குக் கீழே கலை ஆர்வம் கூடுகிறது.
ஏசி போட்ட வெண்கலக் கூடத்தில்
ஆளாளுக்கு வட்டம்.
‘மே மாசம் வந்து பாரும்மா’ என்றார் காவலர் துளசிங்கம்,
‘அப்போ எல்லாருமே ரசிகருங்க.’

உயரக் கூரையின் கீழ் தானாகத் தணிந்த குரல்
தாழ்ந்த வராந்தாவுக்கு வந்ததும்
போனில் ஃபேமிலி பேக் பிரியாணி சொல்கிறது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபது பேருக்கு ஒரே கோடு.
கடைசிப் பையனின் கோடு மட்டும் பிய்ந்துபோய்
திமிங்கல எலும்புக்கடியில் சுற்றிச் சுற்றி
டீச்சர் கையில் முடிகிறது.

வடக்குச் சுவரோரம் ஒரு நடுகல்.
மாடு மீட்கப் போய் விழுந்தவன்.
முகம் தேய்ந்துவிட்டது, வில் இருக்கிறது.
இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குப் போகும் கோட்டுக்கு
பதினோரு அடி தள்ளி நிற்கிறான்.
ஒன்பது நாளில், முந்நூற்று அறுபது தாளில்
அவனுக்கு மூன்று புள்ளி.
அதில் ஒன்று, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர்.

பத்தாம் நாள் விடியலில் மழை. கூரை ஒழுகியது.
மரகதவல்லி அக்கா நட்ட நடுக்கூடத்தில்
ஒரு நீல வாளியை வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனார்.

சொட்.

வந்தவர்கள் முதலில் காதால் நின்றார்கள்.
அண்ணாந்து பார்த்தார்கள்.
இடப்பக்கம் பெயின்டர் ஏணி, ஆகவே வலப்பக்கம் வளைந்தார்கள்.
வளைந்த இடத்தில் அவன் இருந்தான்.

‘யாருங்க இவரு?’ என்றாள் ஒருத்தி.
கூட வந்தவர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார், சத்தமாக,
அவள் முடிக்கும்வரை கேட்டாள்.
இன்னொரு அம்மா கல்லின் பாதத்தில் விரல் வைத்து எடுத்தார்.
தொடக்கூடாது என்று துளசிங்கம் சொல்லவில்லை.
சொட். சொட்.
அன்றைக்குப் பத்தொன்பது வட்டம்.

தாள் வாங்க வந்த ஆர்க்கிடெக்ட் ஷாஹினா
சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
இங்கே என்ன நடந்தது என்றார்.
‘வாளி.’
சிரிக்கவில்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டார்:
தடை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வியாழக்கிழமை தார் ஊற்றி ஓட்டையை அடைத்தார்கள்.
வாளி கழிவறைக்குத் திரும்பியது.
கோடு நிமிர்ந்துகொண்டது.

நான் மட்டும் என்ன.
மெட்ரோவுக்கு அடித்த தகரச் சுவரை ஒட்டியே நடந்தவள்
தகரத்தை எடுத்த பிறகும்
இல்லாத சுவரை ஒட்டித்தான் வீட்டுக்குப் போகிறேன்.
என்னைத் தாளில் இழுக்கிறவர்
எந்தத் தூணோடு நிற்கிறாரோ.

கடைசி நாள் காலையில் தூறல்.
குடைகளை வாசலிலேயே வாங்கி வைக்கிற துளசிங்கம்
என்னுடையதை விட்டுவிட்டார்.
நட்ட நடுவில், வாளி இருந்த இடத்தில்
விரித்துக் காயப்போட்டேன்.
பார்த்தார். நாற்காலியை
வெண்கலக் கூடத்தின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முதல் ஆள் வந்தார்,
ஈரச் செருப்பு, கையில் மஞ்சள் பை.
குடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

இது கணக்கில் வராது.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.